நெல்லின் பெயர் கொண்ட ஊர்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடா நாட்டின் எல்லையைத் தொட்டுக்கொண்டு, மினசோட்டா என்னும் மாநிலம் இருக்கிறது. அம்மாநிலத்தின் வடமேற்குப் பகுதியிலே, காட்டுநெல் ஆறு என்று பெயர் வழங்கும் சிற்றாற்றின் கரையில், மனோமென் என்றோர் ஊர் உளது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேரே. ஊர் சிறிதாயினும் அஃது ஒரு ஜில்லாவின் தலைநகர். ஜில்லாவின் நீதிமன்றமும், நிலப் பத்திரங்களைப் பதியும் அலுவலகமும், வரி வாங்கும் இடமும் அங்கேதான் உள்ளன. இவ்வளவில் நின்றால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இத்தகைய ஊர்கள் மலிந்து கிடக்கின்றன. ஆனால் மனோமென் ஜில்லா முழுவதும், தலைநகர் உட்பட, ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்களுக்கென உடன்படிக்கையால் விடப்பட்ட ஒதுக்கு நிலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மினசோட்டாவில் வேறெந்த ஜில்லாவும் முழுமையாக இவ்வாறு அமைந்ததில்லை. ஒதுக்கு நிலத்தின் நடுவே வெள்ளையரின் ஜில்லா எப்படி வந்தது? அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். 'மனோமின்' என்பது ஒஜிப்வே மொழிச் சொல். ஆங்கிலேயர் வாயில் அது மனோமென் ஆயிற்று. ஏரிகளிலும் மெல்லென ஓடும் ஆறுகளிலும் தானே முளைத்துத் தானே விளையும் ஒருவகைத் தானியத்தின் பெயர் அது. வெள்ளையர் அதனைக் காட்டரிசி என்றனர். நம் முன்னோர் நீவாரம் என்று சொன்ன, விதைப்பாரின்றி விளையும் நெல்லை நேயர்கள் நினைவுகூரலாம். எனினும் மனோமின் நம் நெல்லின் இனத்தைச் சேர்ந்ததன்று. இரண்டும் புல்வகைதாம், ஆனால் வேறு வேறு பேரினம். அதன் மணி நீண்டு, கருமையும் பழுப்பும் கலந்த நிறமுடையதாய் இருக்கும்.

ஒஜிப்வே மக்கள் தம்மை அனிஷினாபே என்று அழைத்துக்கொள்வர். அவர்தம் பழங்கதையின்படி, அவர்கள் முன்னொரு காலத்தில் கிழக்கே அட்லாண்டிக் கடலோரத்தில் வாழ்ந்தனர். 'நீரின்மேல் உணவு விளையும் இடத்தை அடையுமளவும் மேற்கு நோக்கிச் செல்க' என்னும் ஆணையைப் பெற்றுப் பல தலைமுறை நடந்து பேரேரிகளின் கரையை அடைந்தனர். நீரின்மேல் விளையும் அவ்வுணவு மனோமினே. ஆகவே அத்தானியம் அவர்கட்கு வயிற்றுக்கு உணவாவதோடு, தாம் வந்துசேர வேண்டிய இடம் இதுவே என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது. கோடையின் கடைசியில் வரும் மாதத்துக்கு 'நெல் கொள்ளும் மதி' என்னும் பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அறுவடை செய்யும் முறையைச் சிறிது விரித்துரைப்பது தவறாகாது. நெல்லோடு பழகிய நம்மவர்க்கு அது சுவையாகவே இருக்கும். ஓர் ஓடத்தில் இருவர் ஏறுவர். ஒருவர் நின்றுகொண்டு நீண்ட கழியால் ஓடத்தைத் தள்ளுவார். மற்றவர் அமர்ந்து, இரு கைகளிலும் இரண்டு மெல்லிய கோல்களை ஏந்தியிருப்பார். ஒரு கோலால் கதிர்களை ஓடத்தின்மேல் வளைத்து, மற்றொரு கோலால் மெல்லத் தட்டினால், முற்றிய மணிகள் ஓடத்துள் உதிரும். முற்றாதவை கதிரிலேயே நிற்கும்; சில நாள் கழித்து மீண்டும் வந்து தட்ட வேண்டும். நீரில் சிந்தியவை மறு ஆண்டு விதையாகும். தட்டுவோர் கை வன்மையுடையதாயின் தண்டு ஒடிந்து அடுத்த விளைவு கெடும். இன்றும் மினசோட்டாச் சட்டம் இவ்வாறே கூறுகிறது: ஓடத்தின் அகலம் 36 அங்குலத்துக்கு மேற்படலாகாது, கோலின் நீளம் 30 அங்குலத்துக்கும், நிறை ஒரு இராத்தலுக்கும் மேற்படலாகாது. கரை சேர்ந்தபின் மணியை உலர்த்தி, சட்டியில் வறுத்து, தோலால் தைத்த மெல்லிய காலணி யணிந்து குழியிலிட்டு மிதித்து உமி போக்குவர். பிறகு பூர்ச்ச மரப் பட்டையால் செய்த தட்டில் இட்டுக் காற்றில் புடைப்பர். முறமும் புடைத்தலும் எந்நாட்டிலும் ஒன்றே போலும்!

நாம் ஆங்கிலப் பள்ளியில் வாசித்த நாளில் இம்மக்களைப்பற்றி அறிந்ததெல்லாம், தலையில் இறகு சூடிக் குதிரைமேல் கூச்சலிட்டு வருவோர் என்பதே. ஏரியில் ஓடம் விட்டு நெல் தட்டுவோரும் அவர்களே என்பதைப் பாடப் புத்தகம் எதுவும் நமக்குச் சொல்லவில்லை. பின்னர் நாமே தேடிப் படித்து அறிய வேண்டியதாயிற்று.

1858ஆம் ஆண்டில் மினசோட்டா ஒரு மாநிலமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் உடன்படிக்கைமேல் உடன்படிக்கையாக ஒஜிப்வே நிலம் வெள்ளையர் கைக்குச் சென்றது. 1867ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், மிசிசிப்பி ஆற்றங்கரை ஒஜிப்வேயரின் தலைவர்கள் வாஷிங்டன் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி, சிதறிக் கிடந்த சிறு சிறு இடங்களைவிட்டு, மேற்கே பெரிய தொரு நிலப்பரப்பில் அவர்கள் குடியேற வேண்டும். பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சர்வேக் கட்டங்கள் முப்பத்தாறு. அஃதாவது 800,000 ஏக்கருக்கு மேல். அடிமண் வெள்ளைக் களியாக இருந்தமையால் அதற்கு வெண்மண் என்று பெயர். கிழக்குப் பாதியில் ஏரிகளும் வானளாவிய பைன் மரக் காடுகளும், மேற்குப் பாதியில் கோதுமை விளையத்தக்க கரிய புல்வெளியும் அமைந்த இடம் அது. காட்டையும் வயலையும் ஒருங்கே பெற்ற அவ்விடம் அவர்கட்கு நன்கு வாய்த்தது என்றே சொல்ல வேண்டும். 1868ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் முதற்குடியேறியோர் வந்து சேர்ந்தனர். அந்நாளை இன்றளவும் ஆண்டுதோறும் கூத்தும் விருந்துமாகக் கொண்டாடுகின்றனர்.

குடியேற்றம் அமைதியாக நடந்தேறிவிட வில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவர்களுள் ஒருவரான இளைய ஹோல்-இன்-தி-டே என்பார், கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்த வணிகர்கள் வெண்மண்ணில் நுழைதல் ஆகாது என்று உறுதியாக நின்றார். முதற்குழு வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகுமுன்னரே, சூன் 27ஆம் நாள், அவர் வழியில் மறித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் ஒஜிப்வேயரே, அவர்களை ஏவியோர் அவ்வணிகரே என்று பல்லாண்டு கழித்துச் சாட்சியம் கூறப்பட்டது. வெண்மண்ணின் கதையில் வெள்ளையர் யாவரும் தீயர், பழங்குடியினர் யாவரும் ஒன்றுபட்டு நின்றவர் என்று எண்ணுதல் பேதைமை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பத்திரிகை படிக்கும் நேயர்களுக்கு மற்றொரு செய்தி. 1886ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், வெண்மண்ணில் 'முன்னேற்றம்' என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் இதழ் வெளிவந்தது. அதை நடத்தியோர் போலியோ குடும்பத்தாரான தியோடோரும் கஸ்ஸும். ஒஜிப்வே, பிரெஞ்சு ஆகிய இருவழியும் வந்தவர்கள். அரசாங்கத்தின் குறைகளை எடுத்துரைப்பதே தம் நோக்கம் என்று அவர்கள் எழுதினார்கள். ஒதுக்கு நிலத்தை மேற்பார்த்த சர்க்கார் அதிகாரி ஷீஹன் என்பார் அச்சுப்பொறியைக் கைப்பற்றிக்கொண்டார். இதழ் நடத்தியோரை எல்லைக்கு வெளியே போகுமாறு ஆணையிட்டார். அவ்விருவரும் அஞ்சிவிடாது வாஷிங்டன் வரையில் முறையிட்டு வழக்காடினர். இரண்டாம் இதழ் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் வெளிவந்தது. முதல் இதழுக்கும் இரண்டாம் இதழுக்கும் இடையில் ஒன்றரை ஆண்டு! எழுதும் உரிமைக்காக இவ்வளவு போராடிய கஸ் போலியோவே பின்னாளில் நில விற்பனைத் தடை நீங்க வேண்டுமென்று நின்றோருள் ஒருவரானார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனி நிலம் போன கதைக்கு வருவோம். 1887ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டசபை, பழங்குடியினர் பொதுவில் ஆண்டுவந்த நிலத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் செய்தது. மினசோட்டாவுக்கென 1889ஆம் ஆண்டில் நெல்சன் சட்டம் வந்தது. ஒவ்வொருவனும் தன் பங்கை உழுது வெள்ளையனைப்போல் வாழக் கற்றுக்கொள்வான் என்பது சட்டம் செய்தோர் கூறிய காரணம். நல்லெண்ணங் கொண்டோர் சிலரும் இதனை நம்பினர். பங்கிட்டு எஞ்சிய நிலத்தைப் பிறர்க்கு விற்றுவிடலாம் என்பது சட்டத்தின் மற்றொரு முகம். வெண்மண்ணின் வடகிழக்கில் பைன் மரங்கள் செறிந்த நான்கு கட்டங்கள் உடனே பறிபோயின. மிகுந்த நிலம் தலைக்கு 80 ஏக்கர் என்று பங்கிடப்பட்டது. பின்னர் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேலும் 80 சேர்ந்தது. இவ்விரண்டாம் பங்கீட்டில் நல்ல மரம் நின்ற நிலமெல்லாம் சிலர்க்கே வாய்த்ததென்று அப்போதே முறையீடு எழுந்தது. பங்குக்கு ஒரு காப்பும் இருந்தது. 25 ஆண்டுகள் சர்க்காரே அறங்காவலராக இருக்கும். அக்காலத்தில் அதனை விற்கவும் இயலாது, அதன்மேல் வரி விதிக்கவும் இயலாது.

வடக்கே அண்டையிலிருந்த செவ்வேரி ஒஜிப்வேயர் மட்டும் பங்கீட்டுக்கு இசையவில்லை. அவர்களும் பெரும் பரப்பை விட்டுக்கொடுக்க நேர்ந்தது மெய். ஆயினும் மிஞ்சியதைப் பொதுவிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்நிலம் பொதுவிலேயே இருக்கிறது. வெண்மண் மக்கள் இழந்தது எத்துணையென்பதை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டா.

25 ஆண்டுக் காப்பு முடியுமட்டும் காத்திருக்க மரக் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் பொறுமையில்லை. 1903, 1904ஆம் ஆண்டுகளில் சூ இருப்புப்பாதைக் கம்பெனியார் கனடாவின் வின்னிபெக் நகர் நோக்கி இட்ட பாதை ஒதுக்கு நிலத்தின் மேற்குப் பகுதியை ஊடறுத்துச் சென்றது. அதன் ஓரத்தில் நிலையங்களும், நிலையங்களைச் சுற்றி ஊர்களும் தோன்றின. மனோமென் அவற்றுள் ஒன்று. ஊர் வந்துவிட்டது, சுற்றிலும் உள்ள நிலமோ விற்கக் கூடாத நிலம். இக்குறையைப் போக்கியவர் மினசோட்டாவின் செனட்டர் மோசஸ் கிளாப் என்பார். 1906ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் நிறைவேறிய வரவு செலவுச் சட்டம் ஒன்றின் இடையே அவர் ஒரு சிறு வாசகத்தைச் செருகிவைத்தார். வெண்மண்ணில் வாழும் 'கலப்பு இரத்தத்தாருள்' வயது வந்தோர் பங்குகள்மேல் இருந்த தடைகள் யாவும் அன்று முதல் நீங்கின என்பதே அதன் பொருள்.

நிலத்தரகர் முன்னரே ஆயத்தமாக இருந்தனர். அடமானப் பத்திரங்கள் குவிந்தன. எழுத்தறியாதோர் கைநாட்டு வைத்தனர். சிறு தொகைக்கும், கிழட்டுக் குதிரைக்கும், பழைய பொருள்களுக்கும் 80 ஏக்கர் நிலம் கைமாறியது. தாம் கையெழுத்திட்டது கடன் பத்திரமா, விற்பனைப் பத்திரமா என்பது பலர்க்குத் தெரியாது. வயது வராச் சிறுவர்களின் பங்கும், முழு இரத்தத்தாரின் பங்கும் பொய் உறுதிமொழியால் விற்கப்பட்டன. அவ்வாண்டு திசம்பர் 27ஆம் நாள், அஃதாவது கிளாப்பின் வாசகம் சட்டமாகி ஆறு மாதம் கழிந்தபின், நார்மன் ஜில்லாவிலிருந்து இப்பகுதி பிரிக்கப்பட்டு மனோமென் ஜில்லா பிறந்தது. வரி கட்டக்கூடிய நிலம் இல்லாத இடத்தில் ஜில்லா எவ்வாறு நடக்கும்? நிலம் விற்பனைக்கு வந்தபின்னரே அது கூடிற்று. 1909இல் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது.

அதே 1909ஆம் ஆண்டில் சர்க்கார் அனுப்பிய வாரன் மூர்ஹெட் என்னும் ஆராய்ச்சியாளர் வெண்மண்ணுக்கு வந்தார். வீடு வீடாகச் சென்று நூற்றுக்கணக்கானோரின் வாக்குமூலத்தை வாங்கினார். நிலமிழந்தோர் நோயாலும் பசியாலும் நலிந்து கிடந்ததைக் கண்டு எழுதினார். 1911ஆம் ஆண்டில் சட்டசபைக் குழு ஒன்று கிரேயம் என்பார் தலைமையில் விசாரணை செய்து பெரிய அறிக்கை வெளியிட்டது. விற்பனைகள் செல்லா என்று சர்க்காரே பல வழக்குகள் தொடுத்தது. இங்கேதான் வேடிக்கையும் கொடுமையும் கலந்த ஓர் அத்தியாயம் தொடங்குகிறது.

வழக்கின் உயிர்நிலை ஒரு வினாவில் இருந்தது: விற்றவர் கலப்பு இரத்தத்தாரா, முழு இரத்தத்தாரா? கலப்பாயின் விற்பனை செல்லும், முழுமையாயின் செல்லாது. எவ்வளவு கலந்தால் கலப்பு? அண்டையூர் வங்கி ஒன்றின் வழக்கில், 1914ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் விடை கூறியது: துளி யளவு வெள்ளை இரத்தம் இருப்பினும் கலப்பே. உடனே கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் பாட்டன் பூட்டன் பெயர்களைத் தேடிப் புறப்பட்டனர். ஒஜிப்வே முதியோரைக் கூண்டிலேற்றி, 'உன் அயலான் தோல் கறுப்பா, வெளுப்பா?' என்று கேட்டனர். அவர்களுக்கு இக்கேள்வியே விளங்கவில்லை. அவர்கள் வழக்கில், ஒருவன் எப்படி வாழ்கிறான், எம்மொழி பேசுகிறான், யாரோடு உண்கிறான் என்பதைக் கொண்டே அவன் இன்னானென்று கூறுவர், இரத்தத்தை அளப்பதில்லை.

சாட்சியம் போதாமற் போகவே விஞ்ஞானம் அழைக்கப்பட்டது. ஹர்த்லிச்கா, ஜெங்க்ஸ் என்னும் மானிட நூற் புலவர் இருவர் வந்தனர். தலைமயிரை வெட்டிப் பார்த்தனர். மார்பின் தோலை நகத்தால் கீறி, எவ்வளவு சிவக்கின்றது என்று நோக்கினர். மிகச் சிவந்தால் கலப்பு, சிவக்காவிடில் தூய்மை. இத்தகைய சோதனைக்கு உண்மையான அடிப்படை ஏதும் இல்லையென்பது இன்று எல்லாரும் அறிந்ததே. ஒரே தாய் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புக்களுள் ஒருவர் முழுமை, மற்றவர் கலப்பு என்று முடிவு கூறத்தக்க சோதனை அது! பிறப்பைக்கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் நூல்களை நாமும் கண்டிருக்கிறோம். நகத்தால் கீறிப் பார்க்கும் நூலை இங்கேதான் கண்டோம். 1920ஆம் ஆண்டில் இரத்தப் பேரேடு முற்றுப்பெற்றது. பங்கு பெற்ற ஆயிரக்கணக்கானவருள் முழு இரத்தத்தார் என்று அதில் ஏறியோர் சில நூறு பேரே.

நாம் தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர். காலைப் பெரட்டில் ஒருவர் பெயருக்கு நேரே குறியிட்டால் அவருக்கு அன்றைக் கூலி உண்டு. கை தவறி இடாது விட்டால் இல்லை. மாலையில் அவர் வந்து கேட்டால் திருத்திவிடலாம். அந்த இரத்தப் பேரேட்டை எழுதிய கிராணி யாரோ, நாம் அறியோம். ஆனால் அவன் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் குறியிட்டபோது 80 ஏக்கர், 160 ஏக்கர் என்று நிலம் நகர்ந்தது. மாலையில் வந்து கேட்க அவர்களுக்கு இடமில்லை.

பிறகு வந்த காலத்தைச் சுருக்கிக் கூறுவோம். எஞ்சிய பங்குகள் பலவற்றின்மேல் ஜில்லா வரி விதித்தது. வரி கட்டவில்லை யென்று நிலத்தை எடுத்துக்கொண்டது. 1934ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பங்கீட்டுக் கொள்கையைக் கைவிட்டது. போன நிலமோ திரும்பவில்லை. 1977ஆம் ஆண்டில், சே-சா என்னும் ஒஜிப்வேயரின் பங்கைப்பற்றிய வழக்கில், மினசோட்டா மாநிலத் தலைமை நீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்புக் கூறியது. பங்குடையவர் தாமே கேட்டுக்கொண்டாலன்றி அறங்காவல் நீங்காது. ஆகவே வரிக்காக அந்நிலத்தை எடுத்தது செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். வெண்மண்ணில் எத்தனையோ பத்திரங்கள் ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளாயின. மூன்று தலைமுறையாக உழுதுவந்த வெள்ளைக் குடியானவர் திகைத்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் தாம் ஏதும் வஞ்சகம் செய்யாதவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின.

முடிவில் 1986ஆம் ஆண்டில் சட்டசபை இடைபுகுந்து ஒரு சமரசச் சட்டம் செய்தது. ஐயத்துக்குரிய பத்திரங்கள் உறுதியாக்கப்பட்டன. உரியவரின் வாரிசுகளுக்குப் பணம் கொடுக்கப்படும் என்றது சட்டம். குலத்துக்கு 10,000 ஏக்கர் நிலம் திருப்பிக் கொடுக்கப்படும் என்றது. முதலில் இருந்ததோ எட்டு இலட்சத்துக்கு மேல். நிலமே வேண்டும், பணம் வேண்டா என்று எதிர்த்தோர் பலர். அவர்களுள் ஒருவரான வினோனா லடூக் என்னும் பெண்மணி 1989ஆம் ஆண்டில் நில மீட்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். துண்டு துண்டாக விலைக்கு வாங்கி மீட்பதே அவ்வியக்கத்தார் கண்ட வழி. தமது நிலத்தைத் தாமே விலைகொடுத்து வாங்குவது!

மனோமென் ஊருக்கு மீள்வோம். 1992ஆம் ஆண்டில் வெண்மண் குலத்தார் அவ்வூரில் ஒரு சூதாட்ட மாளிகையைத் திறந்தனர். சூது குடிகெடுக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த ஜில்லாவில் வெள்ளையர்க்கும் பழங்குடியினர்க்கும் அதுவே மிகுதியாக வேலை கொடுத்தது என்பதும் மெய்; ஒரு காலத்தில் பத்திரம் எழுதி வாங்கியோரின் பேரப்பிள்ளைகள், எழுதிக் கொடுத்தோரின் பேரப்பிள்ளைகளிடம் சம்பளம் பெறலாயினர். 1997ஆம் ஆண்டில் குலத்தாரின் கல்லூரி ஒன்றும் அவ்வூரில் தோன்றியது. ஒஜிப்வே மொழியும் அங்குக் கற்பிக்கப்படுகிறது. சூதில் நமக்குள்ள வெறுப்பைக் கல்லூரியில் நமக்குள்ள மகிழ்ச்சி சற்றுத் தணிக்கிறது.

கடைசியாக, ஊருக்குப் பெயர் தந்த தானியத்தின் செய்தி. 2018ஆம் ஆண்டு முடிவில் வெண்மண் குலத்தார் புதுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றினர். மனோமினுக்கு வாழவும், தழைக்கவும், தூய நீரில் விளையவும் தனக்கே உரிய உரிமை உண்டு என்பது அச்சட்டம். 2021ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுசெல்லும் மூன்றாம் குழாய்ப் பாதை ஒஜிப்வேயரின் ஏரி நாட்டின் வழியே பதிக்கப்பட்டது. அவ்வேலைக்காக ஏறத்தாழ 500 கோடி கேலன் நிலத்தடி நீரை இறைக்க மாநில சர்க்கார் அனுமதி தந்தது. மழை குறைந்து ஏரிகள் வற்றிக்கிடந்த ஆண்டு அது. ஆகத்து மாதத்தில் குல நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. வாதிகளின் பட்டியலில் முதற்பெயர் மனோமின். நெல்லே வழக்காட வந்துவிட்டது! மாநில சர்க்கார், 'எம்மை விசாரிக்க உமக்கு அதிகாரமில்லை' என்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குலத்தின் மேல் நீதிமன்றமே வழக்கைத் தள்ளியது. ஒதுக்கு நிலத்தின் எல்லைக்கு வெளியே, குலத்தைச் சாராதவர் செய்த செயல்மேல் தனக்கு ஆணை செல்லாது என்பது அது கூறிய காரணம். அதற்குள் குழாய் பதித்து முடிந்து, எண்ணெய் ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவ்வாண்டும் கோடை கழியுங் காலத்தில், ஒருவர் கழி ஊன்ற ஒருவர் கோல் ஏந்த, ஓடங்கள் வெண்மண் ஏரிகளில் இறங்கின.